இருபத்திரண்டு சென்டிமீட்டர்

இருமலுக்காக எடுத்த படம்.
நுரையீரல் சுத்தம் என்று
கார்ட்லா ஆஸ்பத்திரியில் கைகுலுக்கி அனுப்பினார்கள்.
அறிக்கையின் வால் வரை படித்தவள் ஐவே,
அடுப்படியில், கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி:
தற்செயலாகக் காணப்பட்டது,
இதயத் தமனிகளில் மிதமான சுண்ணப் படிவு.

தற்செயலாக.
சாவிக்குப் பையைத் துழாவியபோது
யாருடைய கடன்சீட்டோ தட்டுப்பட்ட மாதிரி.
பிரித்தால் என் கையெழுத்து.

கெண்டியைக் கவிழ்த்துக் காட்டினாள்.
அடியில் முட்டையோடு போல வெள்ளை.
இந்தத் தீவின் எலும்பே சுண்ணாம்புக்கல் என்றேன்,
கலங்கரை விளக்கம் ஐந்நூறு வருஷமாய் நிற்பதும் அதனால்தான்.
அதற்குள் ரத்தம் ஓட வேண்டியதில்லை
என்றாள்.

மருத்துவர் பிர்கித் அவசரப்படவில்லை.
என் நெஞ்சைத் துண்டு துண்டாகத் திரையில் நகர்த்தினார்.
சாம்பல் நிறத்துக்குள்
சாக்பீஸ் முறிந்து விழுந்த மாதிரி இரண்டு மூன்று கீறல்.

"இருக்கிறது என்று தெரிந்துவிட்டது.
மாத்திரை எப்படியும் உண்டு,
சிகரெட் எப்படியும் கிடையாது.
இதற்கு மேல் ஒரு சோதனை வைத்தால்
வருகிற விடை நாம் செய்யப்போவதை மாற்ற வேண்டும்.
மாற்றாதென்றால் அது வெறும் வேடிக்கை.
சில சமயம் வேடிக்கைக்கும் விலை உண்டு.
அதனால் கேட்கிறேன், வாம்போலா,
மேடேறும்போது நெஞ்சில் ஏதாவது?"

இல்லை என்றேன்.
அவர் தட்டச்சு செய்தார்: இல்லை.

பத்தொன்பது குளிர்காலம்
பனிச்சாலைக்குத் துளையிட்டவன் நான்.
கடல் உறைந்து, தீவிலிருந்து பெருநிலத்துக்குக்
கார்கள் ஓடிய காலம்.
இருபத்திரண்டு சென்டிமீட்டர் இருந்தால் திறப்போம்.
இருபத்தொன்றென்றால் தேவாலயத்துக்கே அவசரமானாலும் மூடல்தான்.
சீட் பெல்ட் போடக் கூடாது;
மூழ்கினால் கதவைத் திறந்து குதிக்க வேண்டும்.

கண்ட இடத்தில் துளைக்க மாட்டோம்.
யாரும் கடக்காத பனியை அளந்து என்ன ஆகப்போகிறது,
துளையும் ஒரு பலவீனம்தான்.
ஆனால் எங்காவது பனி முனகியது என்றால்
அந்த இடத்திலேயே துரப்பணம் மறுபடி இறங்கும்.
ஒருநாள் கல்யூ முனகலைக் கேட்டான்.
கேட்கவில்லை என்று பதிவேட்டில் எழுதினான்.
வீட்டில் அன்று பேரனுக்குப் பிறந்தநாள்.
ஏப்ரலில் ஒரு டிராக்டரைக் கரைக்கு இழுத்தோம்.
அதற்குமேல் கல்யூ எங்களோடு வரவில்லை.

விறகுக் கொட்டகையிலிருந்து வீடு வரை
சின்ன மேடு.
அக்டோபரிலிருந்து பாதியில் நிற்கிறேன்.
விளக்கைப் பார்க்கிறேன் என்பேன்.
நாற்பது வருஷமாய்ப் பார்த்த விளக்கு.
ஐவேயும் கூடையைக் கீழே வைத்துவிட்டு
அதையே பார்ப்பாள்,
அல்லது பார்க்கிற மாதிரி
முகத்தை அந்தப் பக்கம் வைத்துக்கொள்வாள்.

எழுந்தேன். கோட்டை மாட்டினேன்.
கைப்பிடி குளிர்ந்திருந்தது.
திரும்பாமலே சொன்னேன்: நான் நிற்கிறேன் டாக்டர்.
"எங்கே?"
பாதியில்.
"வலியா?"
வலி என்று சொல்ல மாட்டேன்.
யாரோ உள்ளங்கையை வைத்து, பொறு, என்கிற மாதிரி.
"எவ்வளவு நேரம்?"
விளக்கு ஆறு தடவை மின்னும் வரை.

நாற்காலி கிறீச்சிட்டது.
அந்த "இல்லை"யை அழிக்கும் சத்தம்,
ஒவ்வோர் எழுத்தாக.
"இப்போது கேள்வியே வேறு" என்றார்.
தாலினுக்கு எழுதினார்.

கடல் இப்போதெல்லாம் உறைவதில்லை.
வியாழக்கிழமை காலைப் படகில் போகிறோம்.
ஜன்னலோரம், காகிதக் கோப்பையில் தேநீர்.
சோதனையில் ஒன்றும் இல்லாமல் போகலாம்,
இருந்தும் போகலாம்.
ஐவே கையுறையைக் கழற்றி மடியில் வைத்தாள்.
"டாக்டரிடம் எத்தனை என்று சொன்னாய்?"
ஆறு.
கரை நழுவும் வரை பேசவில்லை.
பிறகு சொன்னாள்:
"ஒன்பது. போன வாரம் பதினொன்று."